கார்கில் பெயரில் ஒரு மனை: மும்பை ஆதர்ஷ் வழக்கு

ஆதர்ஷ் குடியிருப்பு என்றதும் பலர் மனதில் வருவது ஒரே வாசகம்தான்: கார்கில் போர் விதவைகளுக்கான வீடுகளைப் பெரிய மனிதர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2010 அக்டோபரில் செய்தி வெடித்தபோது நானும் அப்படித்தான் கேள்விப்பட்டேன், கொதித்தேன், பார்த்தவர்களிடமெல்லாம் அப்படியே சொன்னேன். விசாரணை ஆணையமும் தணிக்கைத் துறையும் சொன்னவற்றை வரிசையாகத் தேடிப் படித்த பிறகுதான் ஒன்று புரிந்தது. அந்த மனை கார்கில் குடும்பங்களுக்கென்று எந்த அரசாணையிலும் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. விதவைகளின் வீட்டை யாரும் பிடுங்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்கு அங்கே வீடு என்ற ஒன்று எழுத்தில் இருந்ததே இல்லை.

இது என் கோபத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. வீரர்களின் பெயர் மனுவில் இருக்கிறது, உறுப்பினர் பட்டியலிலோ பெரும்பாலும் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

இடம்

தெற்கு மும்பையின் கொலாபா பகுதியில், கடலைத் தூர்த்து உருவாக்கிய பேக்பே நிலப்பரப்பில், கேப்டன் பிரகாஷ் பேத்தே சாலையை ஒட்டி அந்த மனை இருக்கிறது. பரப்பு சுமார் 3,758 சதுர மீட்டர். நாட்டிலேயே மனை விலை மிக அதிகமான இடங்களில் ஒன்று. சுற்றிலும் ராணுவ, கடற்படை வளாகங்கள். அந்த மனையும் நெடுங்காலம் ராணுவத்தின் கைவசம் இருந்தது. 1996 இல் அங்கே ‘குக்ரி’ என்ற பெயரில் ஒரு பசுமைப் பூங்காவையும் ராணுவம் அமைத்தது. ஆனால் வருவாய் ஆவணப்படி நிலம் மாநில அரசுடையது என்று பின்னாளில் ஆணையம் சொன்னது. அனுபவத்தில் ஒருவர், பட்டாவில் இன்னொருவர் என்ற நிலம் எப்போதுமே ஆபத்தானது. நம் ஊர்ப் புறம்போக்குத் தகராறுகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அந்த மனையில்தான் 31 மாடிக் கட்டடம் எழுந்தது. ஆதர்ஷ் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம், நூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள்.

மனு வளர்ந்த விதம்

சங்கத்தின் தொடக்கம் 1994. கார்கில் போருக்கு ஐந்து வருடம் முந்தியது. இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புத் துறையின் நிலங்களைக் கவனிக்கும் அலுவலகத்தில் பணியாற்றிய ஆர்.சி. தாக்கூர், ஓய்வுபெற்ற பிரிகேடியர் எம்.எம். வாஞ்சு, மகாராஷ்டிர மேலவையின் முன்னாள் உறுப்பினர் கன்ஹையாலால் கித்வானி ஆகியோர் இதன் முக்கியப் புள்ளிகள். பணியில் இருப்பவர்களும் ஓய்வுபெற்றவர்களுமான படை அதிகாரிகளுக்கு வீடு வேண்டும் என்பதே முதல் கோரிக்கை. அதில் தவறு எதுவும் இல்லை. கூட்டுறவுச் சங்கம் வைத்து அரசிடம் மனை கேட்பது மகாராஷ்டிரத்தில் வழக்கமான முறைதான்.

மனு சில வருடங்கள் நகரவில்லை. 1999 மே முதல் ஜூலை வரை கார்கில் போர் நடந்தது. இந்தியத் தரப்பில் 527 வீரர்கள் உயிரிழந்தார்கள். போரைத் தொலைக்காட்சியில் நேராகப் பார்த்த முதல் தலைமுறை நாங்கள். திருச்சியின் மேஜர் மாரியப்பன் சரவணன் மே 29 அன்று பட்டாலிக் பகுதியில் விழுந்தார். அவர் உடலை மீட்டுக் கீழே கொண்டுவர ஒரு மாதத்துக்கும் மேல் ஆயிற்று, அதுவரை அது பனியிலேயே கிடந்தது. வீர் சக்ரா அவர் இறந்த பிறகு வந்தது. திருச்சியில் அவருக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது. அந்தக் கோடையில் தெருத்தெருவாக நிதி திரட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள் சேமிப்பு உண்டியலை உடைத்துக் கொடுத்தார்கள். ‘கார்கில்’ என்ற சொல்லுக்கு அன்று நாட்டில் எந்தக் கதவும் திறக்கும்.

சங்கத்தின் கதவும் அப்படித்தான் திறந்தது. 2000 ஆம் ஆண்டில் மாநில அரசுக்குப் போன கடிதத்தில், இந்த மனையைத் தருவது கார்கிலில் போரிட்டு நாட்டைக் காத்தவர்களைக் கௌரவிப்பதாக அமையும் என்ற வாதம் சேர்ந்தது. ஆறு வருடம் முன்பு தொடங்கிய மனுவுக்குப் புதிய நெற்றித் திலகம். அந்த வாதத்தை வாங்கி வைத்துக்கொண்ட அரசு, அப்படியானால் எத்தனை வீடு கார்கில் குடும்பங்களுக்கு, அவர்கள் யார், பட்டியல் எங்கே என்று எழுத்தில் ஒரு நிபந்தனையும் போடவில்லை. அரசு தரப்பின் முதல் தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன், எல்லாவற்றிலும் பெரியதும் இதுதான். யாரும் பணம் வாங்காமலேயே கூட இந்தத் தவறு நடந்திருக்க முடியும். வீரர்களின் பெயரைக் கேட்டதும் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று தோன்றிவிடுகிறது இல்லையா, அந்தக் கூச்சம் போதும்.

ஒவ்வொரு மேஜையிலும்

இனி கோப்பு போன வழியைப் பார்ப்போம். இந்த வழக்கின் சாரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது.

2000 ஏப்ரலில், அந்த நிலம் ராணுவ எல்லைக்கு வெளியே இருக்கிறது என்ற பொருள்பட, வட்டார ராணுவத் தலைமையகத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்குக் கடிதம் போனது. ராணுவம் இத்தனை வருடம் கைவசம் வைத்திருந்த இடம், ஒரு கடிதத்தில் கைகழுவப்பட்டது. அந்த வட்டாரத்தில் பொறுப்பில் இருந்த அதிகாரிகள் சிலர் சங்கத்தில் உறுப்பினர்கள் ஆனார்கள்.

அதே 2000 ஜூனில் வருவாய் அமைச்சர் அசோக் சவாணுடன் ஒரு கூட்டம் நடந்தது. படை அதிகாரிகளுக்கு மட்டும் என்று இருந்த சங்கத்தில் 40 சதவீதம் பொதுமக்களையும் சேர்க்கலாம் என்ற மாற்றம் அதை ஒட்டி வந்தது. பூட்டு திறந்தது இங்கேதான். அதற்குப் பிறகு உறுப்பினர் பட்டியல் அரசியல்வாதிகளின் உறவினர், அதிகாரிகளின் பிள்ளைகள் என்று நீண்டது. கடைசியில் பார்த்தால் உறுப்பினர்களில் படைத்துறையினர் பாதிக்கும் குறைவு.

அப்புறம் மனையே ஒரு சிக்கல். அது சாலை அகலப்படுத்தலுக்காக விடப்பட்டிருந்த இடத்தில் வந்தது. 60.97 மீட்டர் அகலம் என்று நகரத் திட்டத்தில் இருந்த பிரகாஷ் பேத்தே சாலை 18.40 மீட்டராகக் குறைக்கப்பட்டது. சாலையைச் சுருக்கி வீட்டுமனை ஆக்கினார்கள். பக்கத்திலேயே மும்பையின் பேருந்துகளை இயக்கும் பெஸ்ட் நிறுவனத்தின் பணிமனைக்கென ஒதுக்கிய 2,669 சதுர மீட்டர் இடம் இருந்தது. அதன் கட்டடப் பரப்பு உரிமையையும், அதாவது அந்த இடத்துக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற அளவையும், ஆதர்ஷ் கணக்கில் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மாடிகள் உயர்ந்ததற்கு இது ஒரு காரணம்.

கடற்கரை விதி அடுத்தது. கடலை ஒட்டிக் கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1991 இன் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை அந்த இடத்துக்குப் பொருந்தும். 2003 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து ஒரு பதில் கடிதம் வந்தது. விதிகள் என்ன, யாருக்கு எந்த அதிகாரம் என்று சொன்ன கடிதம் அது. மாநில நகர வளர்ச்சித் துறையின் அதிகாரி ஒருவர் அதை, அமைச்சகத்துக்கு ஆட்சேபம் இல்லை என்ற பொருளில் கீழே எழுதி அனுப்பினார். அமைச்சகம் கொடுக்காத அனுமதி இப்படி ஒரே வரியில் பிறந்தது. அந்த அதிகாரியும் பின்னர் ஆதர்ஷில் உறுப்பினர்.

2003 ஜனவரியில் மனை தருவதாக உத்தேசக் கடிதம் வந்தது. அப்போது முதல்வர் விலாஸ்ராவ் தேஷ்முக், பதவியின் கடைசி நாட்கள். 2004 ஜூலையில் முறைப்படி ஒதுக்கீடு நடந்தது. அப்போது முதல்வர் சுசில்குமார் ஷிண்டே.

இந்த வரிசையில் எங்கேயும் பணப்பெட்டி கைமாறியதாகத் தேட வேண்டியதில்லை. இங்கே நாணயம் உறுப்பினர் அட்டைதான். 2011 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைத்த அறிக்கையில் தலைமைக் கணக்குத் தணிக்கையர் சொன்னதன் சாரமும் அதுவே: முக்கியப் பதவிகளில் இருந்த ஒரு சிலர், பொதுச் சொத்தான அரசு நிலத்தைச் சொந்த நன்மைக்காக எடுத்துக்கொள்ள விதிகளை எப்படி வளைக்க முடியும் என்பதற்கு இது உதாரணம். லஞ்சம் என்றால் கவரில் வைத்துக் கொடுப்பது என்று பழகிவிட்ட நமக்கு இது லஞ்சமாகவே படுவதில்லை. சந்தையில் பல கோடி பெறும் வீட்டை ஒரு கோடிக்கும் குறைவான பணத்துக்கு முறைப்படி ரசீது வாங்கிக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். காசோலை, ரசீது, சங்கத் தீர்மானம் எல்லாம் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு நேர்மையான கொள்முதல் மாதிரியே தெரியும்.

உறுப்பினராகத் தகுதி வேண்டும்: குறிப்பிட்ட வருடங்கள் மகாராஷ்டிரத்தில் வசித்திருக்க வேண்டும், வருமான வரம்பு உண்டு, மும்பையில் வேறு வீடு இருக்கக் கூடாது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். பெரியப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் போன பிறகு குடும்ப ஓய்வூதியத்துக்காகப் பெரியம்மா ஓர் அலுவலகத்துக்கு ஏழெட்டு முறை நடந்தார். பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று ஒரு முறை, வாரிசுச் சான்றிதழில் முத்திரை மங்கலாக இருக்கிறது என்று ஒரு முறை. ‘அவரு பேரை நான் தப்பாச் சொல்வேனாடா?’ என்று என்னிடம் கேட்டார். விதி என்றால் விதிதான், அதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு ஹவில்தாரின் மனைவிக்கு ஓர் எழுத்துக்குக் கூட வளையாத விதி, கொலாபாவில் எத்தனை பேருக்கு வளைந்தது என்பதுதான் வலிக்கிறது. ஆணையம் பின்னர் எண்ணிச் சொன்னது: 102 உறுப்பினர்களில் 25 பேர் தகுதியற்றவர்கள், 22 வீடுகள் பினாமியாக வாங்கியவை.

வெளியே வந்தது

இது தானாக வெளிவரவில்லை. மும்பையின் சமூக ஆர்வலர்கள் சிலர், மேதா பட்கரின் மக்கள் இயக்கங்களின் தேசியக் கூட்டமைப்போடு சேர்ந்தவர்கள் உட்பட, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி மேல் கேள்வி போட்டுக்கொண்டிருந்தார்கள். 2005 இல் அந்தச் சட்டம் வந்திருக்காவிட்டால் உறுப்பினர் பட்டியலையே நாம் பார்த்திருக்க மாட்டோம். குடிசைகள் இடிக்கப்பட்டபோது வீட்டுரிமைக்காகத் தெருவில் நின்றவர்களே இந்தப் பணக்காரக் கட்டடத்தின் கோப்பையும் விடாமல் துரத்தினார்கள். அவர்கள் யாருக்கும் அரசு விருது கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு பக்கம் கடற்படை. மேற்குக் கடற்படைத் தலைமையகம் 2010 இல் பாதுகாப்பு பற்றிய கவலையை எழுத்தில் தெரிவித்தது. படை வளாகங்களை மேலிருந்து பார்க்கும்படி ஒரு கோபுரம், உள்ளே யார் யார் என்று தெரியாது. 2008 நவம்பரில் கடல் வழியாக வந்த தாக்குதலைக் கண்ட ஊர் அது. ஆக, ராணுவத்தின் ஒரு கை தடையில்லை என்று எழுதியதை, கடற்படையின் கை பத்து வருடம் கழித்து ஆபத்து என்று எழுதியது. சீருடை அணிந்தவர்கள் எல்லாரையும் இந்த வழக்கில் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

2010 செப்டம்பரில் குடியேறும் அனுமதிச் சான்று கிடைத்தது. அக்டோபரில் பத்திரிகைகளில் பட்டியல் வந்தது. ராணுவத்தின் முன்னாள் தலைமைத் தளபதிகள் தீபக் கபூர், என்.சி. விஜ், கடற்படையின் முன்னாள் தளபதி மாதவேந்திர சிங் ஆகியோரின் பெயர்களும் அதில் இருந்தன. இது கார்கில் குடும்பங்கள் தொடர்பான இடம் என்று தங்களுக்குத் தெரியாது, வீட்டைத் திருப்பித் தருகிறோம் என்றார்கள். அப்போது முதல்வராக இருந்த அசோக் சவாணின் உறவினர்கள் பெயரிலும் வீடுகள் இருந்தன. சான்று ரத்தாகியது, நவம்பர் தொடக்கத்தில் தண்ணீரும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. நவம்பர் 9 அன்று சவாண் பதவி விலகினார். 2011 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், கட்டடத்தை மூன்று மாதத்தில் இடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டார்.

இவ்வளவு வேகமாக ஒரு முதல்வர் போனதும் வேலை முடிந்தது என்று நாடு நினைத்துக்கொண்டது. அந்த நவம்பரில் நானும் அப்படித்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அதற்குப் பிறகு

ஓய்வுபெற்ற நீதிபதி ஜே.ஏ. பாட்டீல் தலைமையில் இருவர் ஆணையம் அமைந்தது. 2012 ஏப்ரலில் இடைக்கால அறிக்கை: நிலம் மாநில அரசுடையது, கார்கில் வீரர்களுக்கென ஒதுக்கப்பட்டதில்லை. இந்த வரியைக் கேட்டதும் சம்பந்தப்பட்டவர்கள் பெருமூச்சு விட்டார்கள். வீரர்களை ஏமாற்றவில்லை பாருங்கள் என்றார்கள். வீரர்களின் பெயரைச் சொல்லி வாங்கிக்கொண்டு அவர்களுக்கு ஒன்றும் எழுதி வைக்காதது எப்படி நற்சான்றாகும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2012 ஜூனில் தேஷ்முக், ஷிண்டே, சவாண் மூவரும் ஆணையத்தின் முன் சாட்சி சொன்னார்கள். ஒருவர் வருவாய்த் துறையைக் கை காட்டினார், ஒருவர் நகர வளர்ச்சித் துறையைக் கை காட்டினார், ஒருவர் தனக்கு முன்னால் இருந்தவரைக் கை காட்டினார். பல மேஜைகளில் பிரித்துச் செய்த காரியத்தில் இதுவே பெரிய வசதி. எந்த ஒரு கையெழுத்தும் தனியாகப் பார்த்தால் முழுக் குற்றமாகத் தெரியாது.

சிபிஐ 2011 ஜனவரியில் முதல் தகவல் அறிக்கை பதிந்தது. 2012 இல் கைதுகள் நடந்தன. ஆனால் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆகவில்லை, அந்தக் காரணத்தாலேயே கைதானவர்களுக்கு ஜாமீன் கிடைத்தது. குற்றப்பத்திரிகை ஜூலையில் வந்தது, 13 பேர் மீது. இதற்கிடையில் சிபிஐயின் சொந்த வழக்கறிஞர் ஒருவரே இந்த வழக்கை ஒட்டிய லஞ்சப் புகாரில் கைதானார். ஊழல் வழக்குக்குள் ஓர் ஊழல் வழக்கு.

ஆணையத்தின் இறுதி அறிக்கை 2013 ஏப்ரலில் அரசின் கைக்குப் போய்விட்டது. சட்டமன்றத்தில் வைத்தது டிசம்பர் 20, நாக்பூர்க் கூட்டத்தொடரின் கடைசி நாளில். வைத்த கையோடு நிராகரிக்கிறோம் என்றும் சொன்னார்கள். சவாணின் கட்சியும் ஆளுங்கட்சியுமான காங்கிரஸுக்குள்ளிருந்தே ராகுல் காந்தி வெளிப்படையாக அதை ஏற்க முடியாது என்று சொன்ன பிறகு, 2014 ஜனவரி 2 அன்று பாதியை ஏற்றுக்கொண்டார்கள்.

சவாண் மீது வழக்குத் தொடரும் அனுமதி தனிக் கதை. 2013 டிசம்பரில் ஆளுநர் கே. சங்கரநாராயணன் மறுத்தார். ஆட்சி மாறிய பிறகு, 2016 பிப்ரவரியில் ஆளுநர் சி. வித்யாசாகர் ராவ் கொடுத்தார். 2017 டிசம்பர் 22 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. முதல் ஆளுநர் மறுத்ததை மாற்றும் அளவுக்கு நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய புதிய ஆதாரம் இல்லை என்பது காரணம். சட்டப்படி அது சரியான கேள்விதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். தன் மீதான குற்றச்சாட்டுகளை அவர் தொடர்ந்து மறுத்தே வந்திருக்கிறார், எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றவாளி என்று சொன்னதில்லை, அதையும் எழுத வேண்டும். 2024 பிப்ரவரியில் அவர் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார், மாநிலங்களவைக்கும் போனார். ஆதர்ஷைப் பத்து வருடம் மேடைதோறும் பேசிய கட்சி அது. ஒரே ஆதாரம், ஒரே ஆள், ஆட்சியைப் பொறுத்து அனுமதி உண்டு என்றும் இல்லை என்றும் ஆகும் என்றால், வழக்குத் தொடரும் முடிவு அரசியல் நியமனத்தில் வந்தவர்களின் மேஜையில் இருக்கவே கூடாது.

கட்டடத்தின் கதை வேறு வழியில் போனது. 2016 ஏப்ரல் 29 அன்று மும்பை உயர் நீதிமன்றம் அதை இடிக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் ஜூலை 22 அன்று இடிப்பை நிறுத்திவைத்து, கட்டடத்தை எடுத்துப் பாதுகாக்கும்படி சொன்னது. ஜூலை 29 அன்று ராணுவம் அதைப் பொறுப்பேற்றது.

அந்தத் தேதிக்கு மூன்று நாள் முன்புதான் ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். வருடா வருடம் அன்று மலர்வளையம் வைக்கிறோம், அது வைக்க வேண்டியதுதான். அதோடு, வீரர்களின் பெயரைச் சொல்லி அரசிடம் நிலமோ நிதியோ கேட்கும் ஒவ்வொரு மனுவுக்கும் கூடவே பயனாளிகளின் பெயர்ப் பட்டியலை முதல் நாளே அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்று ஒரே ஒரு விதி இருந்திருந்தால், 2000 ஆம் ஆண்டிலேயே அந்த மனு நின்றிருக்கும். இப்போதும் உங்கள் ஊரில் அப்படி ஒரு மனு இருக்கலாம். தகவல் உரிமை விண்ணப்பத்துக்கு மத்திய அரசு அலுவலகம் என்றால் கட்டணம் 10 ரூபாய், பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள். பட்டியலைக் கேளுங்கள்.